உறங்கும் பிள்ளையும் உடலின் கடிகாரமும்

சனிக்கிழமைக் காலையில் தமிழ் வகுப்பிலிருந்து கொட்டாவி விடும் பிள்ளையைச் சோம்பேறி எனக் கடிந்துகொள்ளும் வழக்கம் எம்மவரிடையே உண்டு. இதில் எமக்கு உடன்பாடில்லை.

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமைந்த சுரப்பிகளிலிருந்து கோட்டிசோல் என்னும் ஓமோன் சுரக்கின்றது. நள்ளிரவை அண்டி மிகக் குறைந்திருக்கும் இது, விடியலை நோக்கி ஏறி, கண்விழித்து 30 தொடக்கம் 45 நிமிடங்களுள் உச்சத்தை அடைந்து, பின்னர் பகல் முழுவதும் தணிந்து செல்லும். காலையில் உடலுக்கு உற்சாகமூட்டுவதில் இதற்குப் பெரும்பங்குண்டு. இவ்வேற்ற இறக்கத்தை நடத்துவது மூளையிலுள்ள கடிகாரம். அதனை நாள்தோறும் திருத்தி வைப்பதோ கண்வழிச் செல்லும் வெளிச்சம்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பகற்பொழுது ஏறத்தாழ 12 மணித்தியாலம். நாம் வாழும் ஒஸ்லோவில் மார்கழிப் பகல் ஏறத்தாழ 6 மணித்தியாலம் மட்டுமே; ஞாயிறு எழுவதற்கு 9 மணி கடந்துவிடும். 9 மணி வகுப்பிற்கு எமது சிறார் இருளிலேயே வந்து சேர்கின்றனர்!

இரவில் துப்புரவுப் பணிக்கும் உணவகங்களின் சமையலறைக்கும் செல்லும் பெற்றோரின் நிலை இன்னும் கடினமானது. பகலில் உறங்க முயன்றாலும் கடிகாரம் எளிதில் தலைகீழாக மாறுவதில்லை. உடல் விழித்திருக்கும் வேளையிற் கொள்ளும் உறக்கம் குறுகிக் கலைகின்றது. வேலை முடிந்து வரும் அப்பாவின் முகம் காணப் பதினொரு மணிவரை விழித்திருக்கும் பிள்ளையை எங்ஙனம் கடிவது?

ஆதலால், கார்த்திகை முதல் தை வரை வகுப்புகளைக் காலை பத்தரை மணிக்குத் தொடங்கவேண்டும் என்பது எமது கருத்து. மண்டபம் கிடையாது என்பர். இதுவரை எவரும் கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பெற்றோரும் இதற்குத் துணைநிற்றல் வேண்டும். விடுமுறை நாளில் நண்பகல்வரை உறங்கவிட்டால் திங்கட்கிழமை காலை பிள்ளைக்கு நள்ளிரவாகவே இருக்கும். ஒரு மணித்தியாலம் பிந்தி எழுப்பலாம், அதற்குமேல் வேண்டாம். விடிந்தபின் இயன்றவரை நடத்தி அழைத்து வாருங்கள். முகிற்கூட்டத்தினூடே வரும் பகலொளிகூட அறையின் மின்விளக்கினும் பன்மடங்கு வலிது. களைப்பு வாரக்கணக்கில் நீடிப்பின் மருத்துவரிடம் காட்டுக. இரத்தசோகை முதலிய வேறு காரணங்களும் இருத்தல் கூடும்.

மாலை 5 மணி என அழைப்பிதழில் அச்சிட்டு, 7 மணிக்கு மங்கலவிளக்கேற்றி, நள்ளிரவில் நன்றியுரை கூறும் எமது விழாக்களைப் பற்றியும் பேசவேண்டியுள்ளது. இம்மலர் வெளியிடப்படும் விழாவாவது பத்து மணிக்குள் நிறைவுறுமாயின், மறுநாள் பெற்றோர் பலர் எமக்கு நன்றி சொல்வர்.