ஒகேனக்கல்லுக்கு எத்தனை எழுத்து?

முதல்ல ஒரு கேள்வி. 'ஒகேனக்கல்' - எத்தனை எழுத்து? விரல் விட்டு எண்ணுங்க. ஒ, கே, ன, க், க, ல். ஆறு. எங்க ஊர் பரிசல் துறையில விளையாடுற மூணாங்கிளாஸ் பையனும் ஆறுன்னுதான் சொல்லுவான். பைத்தானைக் கேட்டா ஒன்பதுங்குது!

பைத்தான் பொய் சொல்லலை. யுனிகோடுல 'கே' என்பது க-வும் இரட்டைக்கொம்பும் சேர்ந்த ரெண்டு துண்டு. மெய்யெழுத்தோட புள்ளியும் தனித்துண்டு. அது துண்டை எண்ணுது, நாம எழுத்தை எண்ணுறோம். சொல்லைத் தலைகீழாத் திருப்பச் சொன்னா இன்னும் கூத்து. கொம்பு கழண்டு பக்கத்து ன-வுக்குப் போய் 'னே' ஆயிடும். கடைசிப் புள்ளி ஆளில்லாம முன்னாடி வந்து நிக்கும் :-)

போன லீவுல பென்னாகரம் வட்டாரத்து ஊர்ப்பேரையெல்லாம் அகரவரிசையில அடுக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். பென்னாகரம் முன்னாடி, பெரும்பாலை பின்னாடின்னு வந்தது. தப்பு. நமக்கு ன தான் கடைசி மெய், ர அதுக்கு முன்னாடியே வந்துடும். யுனிகோடு அட்டவணையோ, இந்திய மொழிகளுக்குப் பொதுவாப் போட்ட இஸ்கி வரிசையை ஒட்டினது. அதுல ன, ந-வுக்கு அடுத்தே உக்காந்திருக்கு.

மூணு ராத்திரி முழிச்சு நானே சரி பண்ணினேன். பெருமைன்னா அப்படி ஒரு பெருமை. நாலாம் நாள் தேடிப் பார்த்தா, ஓப்பன்-தமிழ்னு ஒரு பைத்தான் நிரலகம் இதை எப்பவோ செஞ்சு வெச்சிருக்கு! 'எழில்' நிரல்மொழியை உருவாக்கின முத்து அண்ணாமலையும் மத்த தன்னார்வலர்களும் வளர்த்தது. எழுத்தெழுத்தாப் பிரிக்கும், அகரவரிசையில அடுக்கும், திஸ்கி, பாமினி மாதிரி பழைய குறியாக்கத்தை யுனிகோடா மாத்தும். எம்ஐடி உரிமம், அதனால யாரும் எடுக்கலாம், மாத்தலாம்.

மூணு ராத்திரி போனதுக்கு வருத்தமில்ல. அதை அங்க போட்டிருக்கலாமேங்கிறதுதான் வருத்தம்.

நம்ம கிளாஸ்ல ஓப்பன் சோர்ஸ்னு சொன்னாலே ரெண்டு பேச்சு. ஒண்ணு, "அதெல்லாம் பெரிய ஆளுங்க வேலைடா." ரெண்டு, "ரெஸ்யூம்ல போடலாம்டா." ரெண்டாவது கோஷ்டி என்ன பண்ணும்னு 2020 அக்டோபர்ல உலகமே பார்த்தது. ஹாக்டோபர்ஃபெஸ்ட்ல டீ-சர்ட் கிடைக்கும்னு கண்ட திட்டத்துக்கெல்லாம் போய், ரீட்மீ கோப்புல ஒரு வார்த்தையைச் சேர்த்து அனுப்பிக் குவிச்சாங்க. நம்ம நாட்டு மாணவர்கள் பேர் அதுல நல்லாவே அடிபட்டது. கடைசியில, சம்மதம் சொன்ன திட்டங்களுக்கு மட்டும்தான்னு விதியையே மாத்தினாங்க. சும்மா வேலை செய்யறவங்க நேரத்தைத் திங்கிறதுக்குப் பேர் பங்களிப்பா?

முதல் கோஷ்டிக்குத்தான் என் பதில். தமிழ் நிரலகத்துக்கு அல்காரிதம் புலிகள் மட்டும் போதாது. எங்க எழுத்து உடையுதுன்னு கண்டுபிடிக்க தமிழ் தெரிஞ்ச கண்ணு வேணும். பத்தாங்கிளாஸ் தமிழ் போதும். ஒரு சொல்லைக் குடுத்து, இந்த விடை வரணும்னு நாலு வரியில சோதனை எழுதலாம். தப்பா வந்தா, என்ன குடுத்தோம், என்ன வந்தது, என்ன வரணும்னு தெளிவா எழுதி அனுப்பலாம். நம்ம ஊர்ப்பேர், மீன் பேர், ஆத்தங்கரைச் சொல்லெல்லாம் வெளியூர்ல உக்காந்து கோடு எழுதறவருக்கு எப்படித் தோணும்?

சில இடத்துல விடையே மனுஷங்க பேசி முடிவு பண்ண வேண்டியது. 'லக்ஷ்மி'யை எடுத்துக்குங்க. க்ஷ்-ஐ ஒரே எழுத்தா வெச்சா மூணு, பிரிச்சா நாலு. இலக்கணத்தோட 247-ல இது வரவே வராது. எந்த மெஷினும் தானா முடிவு சொல்லிடாது.

"இதுல காசு வருமாடா?"ன்னு அம்மா கேட்டாங்க. வராதும்மான்னேன். "அப்ப பகல்ல பண்ணு, ராத்திரி கரண்டு பில்லு ஏறுது"ன்னுட்டாங்க.

நான் இன்னும் ஒரு வரிகூட அனுப்பலை, உண்மையைச் சொல்லிடறேன். நம்ம மாவட்டத்து ஊர்ப்பேரா எழுதி, ஒவ்வொண்ணுக்கும் எழுத்துக் கணக்கு போட்டுக்கிட்டு இருக்கேன். பாப்பிரெட்டிப்பட்டி வரைக்கும் வந்தாச்சு. பத்து எழுத்து, சரிதானே? யாராவது ஒரு தடவை எண்ணிப் பாருங்க.