மெய்யும் உருவும்

இயற்கையை உள்ளவாறு காட்டுவது வண்ணப்படமே. கறுப்பு வெள்ளை என்பது பழங்காலத்துக் குறைபாடு. இவ்வெண்ணம் இன்று மாணவரிடையே வேரூன்றி நிற்கிறது. இதனை நாம் ஏற்பதற்கில்லை.

தமிழ்ப் புதின முன்னோடி அ. மாதவையாவின் மகனார் மா. கிருஷ்ணன் (1912-1996), காட்டுயிர் ஒளிப்படக் கலையில் நாடறிந்தவர். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். வண்ணச் சுருள்கள் பரவலாகக் கிடைத்த காலத்திலும் அவர் கறுப்பு வெள்ளையையே கைக்கொண்டார். யானையின் தோல் மடிப்பையும் செவி விளிம்பையும் காட்டுதற்கு ஒளியும் நிழலும் போதும். அங்கே வண்ணம் கூட்டுவது சிறிதே.

உவமை பிறக்கும் வகைகளைக் கூறவந்த தொல்காப்பியர், வடிவத்தை 'மெய்' என்றும் நிறத்தை 'உரு' என்றும் வேறு பிரித்தார். ஒளிப்படம் எடுப்போர்க்கும் இப்பகுப்பு பொருந்தும். பொருளின் சிறப்பு மெய்யில் உள்ளதா, உருவில் உள்ளதா என்பதே முதற்கண் எழவேண்டிய வினா.

நம் மாவட்டத்து ஒகேனக்கல்லையே நோக்குவோம். 'புகைக்கல்' எனப் பொருள்படும் கன்னடப் பெயர் அது. கரும்பாறைமேல் வெண்திவலை புகையென எழும் காட்சி, கறுப்பு வெள்ளையிலேயே நிறைவு பெறும். ஆயின் அதே காவிரி வெள்ளக் காலத்தில் செந்நிறமாய்ப் புரண்டு வருங்கால் நிறமே செய்தியாகிறது. மேல்நிலத்து மண் கரைந்து வருவதை அறிவிப்பது அச்செம்மைதான். மீன்கொத்தியின் நீலமும் காந்தளின் செம்மையும் அத்தகையனவே. பழமைத் தோற்றம் வேண்டி இவற்றின் வண்ணத்தை நீக்குதல் பொருந்தாது.

நாம் அஞ்சுவது மற்றொன்று. இன்றைய கைப்பேசிகள் பச்சையை மிகுத்தும் வானத்தை நீலமாக்கியும் படத்தை 'அழகு' செய்து தருகின்றன. கறுப்பு வெள்ளைப்படம் நிறத்தை விட்டுவிடுகிறது, விட்டதை மறைப்பதில்லை. மிகைநிறப்படமோ இல்லாததை உண்டென்கிறது. கலங்கிய ஆற்றைத் தெளிந்ததாகக் காட்டும் படம், நாளை அவ்வாற்றின் நிலையை ஆராய்வோர்க்குப் பொய்ச்சான்றாகும் அன்றோ? மலைகளிலும் உயிரினங்களிலும் காணும் நிற வேறுபாடுகளைத் திருக்குர்ஆனின் ஃபாத்திர் அத்தியாயம் படைத்தவனின் ஆற்றலுக்குச் சான்றாகச் சுட்டுகிறது. சான்றைத் திருத்தும் உரிமை நமக்கேது?

கல்லூரிகளில் படப்போட்டி நடத்துவோர் இருவகைப் படங்களையும் ஒப்ப மதித்தல் வேண்டும். நிறம் மிகுத்த படங்களை ஒதுக்குதல் வேண்டும். மாணவச் செல்வங்கள் கருவியைக் கையில் எடுக்குமுன், எதிரே நிற்கும் பொருள் எதனால் தன்னை உணர்த்துகிறது என்று எண்ணிப் பார்ப்பார்களாக. வண்ணமா, கறுப்பு வெள்ளையா என்பதை அப்பொருளே கூறிவிடும்.