மச்சுப் பலகையை விற்கும் முன்

கீழே கடை, மேலே வீடு என்று கட்டி வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். பழைய கடைவீதிக் கட்டடங்கள் பலவற்றில் மாடித் தளம் கான்கிரீட் அல்ல. உத்திரத்தின் மேல் சட்டம் பரப்பிப் பலகை அடித்த மச்சு. வீட்டைப் புதுப்பிக்க நினைக்கும் உறுப்பினர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். நடந்தால் சத்தம் போடுகிறது, இடுக்கில் தூசி விழுகிறது என்று பெயர்த்து விற்கிறார்கள்; அல்லது அதன் மேலேயே கலவை கொட்டி டைல்ஸ் பதிக்கிறார்கள். இரண்டுமே நஷ்டக் கணக்கு என்பது நமது கருத்து.

அரைக் கிலோ பருப்பையும் முள் பார்த்து நிறுக்கும் நாம், பழைய மரக்காரர் வந்தால் மட்டும் 'மொத்தமாக ஒரு தொகை' என்றதும் தலையாட்டிவிடுகிறோம். 10 அடிக்கு 15 அடி அறையில், ஓர் அங்குலப் பலகை மட்டுமே 12½ கன அடி வரும். சட்டமும் உத்திரமும் தனி. பர்மா தேக்காக இருந்தால் சொல்லவே வேண்டாம். மியான்மர் அரசு 2014 ஏப்ரல் முதல் தேக்கை உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதையே தடை செய்துவிட்டது. அதே மரக்காரரிடம் கதவுக்கு மரம் கேட்டுப் போய்ப் பாருங்கள், கன அடிக் கணக்கில்தான் விலை சொல்வார்.

டைல்ஸ் வியாபாரம் செய்யும் உறுப்பினர்கள் கோபிக்க வேண்டாம். அதே அறைக்கு 2 அங்குலக் கலவையும் டைல்ஸும் சேர்ந்தால் எடை ஒன்றரை டன்னைத் தாண்டும். 50 கிலோ மூட்டை முப்பதை மச்சில் அடுக்கி, ஆயுள் முழுக்க இறக்காமல் வைப்பதற்குச் சமம் இது. கலவையின் ஈரமும் பலகைக்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் மரத்தை உளுக்க வைக்கும். வாடிக்கையாளர் கேட்டால் இதைச் சொல்லிவிட்டு விற்பதே நமக்கு நல்ல பெயர்.

பழுது பார்ப்பதிலும் முறை உண்டு. பளபளப்பைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனை. பலகை கல் போல இருக்க, முனை மட்டும் ஈரத்திலும் கரையானிலும் போன வீடுகள் உண்டு. திருப்புளியால் குத்தினால் மெத்தென்று இறங்குகிறதா? முட்டுக் கொடுத்து, கெட்ட பகுதியை அறுத்துப் புது மரத்தையோ இரும்பையோ இணைக்கலாம். பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்வது நல்லது. முனையைச் சுற்றிச் சிமெண்டால் அடைக்காமல் காற்றுப் போக இடைவெளி விட வேண்டும்.

ஆணித் தலைகளைப் பலகைக்குள் இறக்கிவிட்டே உப்புத்தாள் போட வேண்டும். இல்லையேல் தாள் கிழியும். பலகையில் பழைய பெயிண்ட் இருந்தால் எச்சரிக்கை தேவை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற கட்டாய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. முந்தைய பூச்சை நனைத்துத் தேய்ப்பதும், அதுவரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதிருப்பதும் அவசியம். இடுக்குகளைச் சுவர்ப் பட்டியால் அடைக்கச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும் மரத்தில் அது நிற்காது. மெல்லிய மரச் சீவலே பொருந்தும்.

கீழே சரக்கு வைத்திருப்போர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், நெருப்பே இல்லாமல் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வேலை முடிந்ததும் தண்ணீரில் முக்கிவிட வேண்டும். தச்சரே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட வேண்டாம்.

இதற்கும் செலவாகும், இல்லை என்று நாம் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, மச்சு வேலை தெரிந்த தச்சர் எளிதில் கிடைக்காததுதான். அப்படிப்பட்டவர்களை அறிந்த உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் தெரிவித்தால், கேட்டு வருவோருக்குச் சொல்ல உதவியாக இருக்கும்.