வண்டியின் மூச்சு

சென்ற வாரம் இப்பகுதியிலே நீரிறைக்கும் இயந்திரத்தைப் பற்றி எழுதியதைப் படித்த அன்பர் சிலர், மோட்டார் வண்டியைப் பற்றியும் எழுதலாகாதா என்று கேட்டிருந்தனர். அவர்கள் கேட்ட வேளை நல்ல வேளை போலும். வியாழக்கிழமை மாலை வண்டி ஒன்று தானாகவே என் வீட்டுப் படலையடியில் வந்து நின்றது.

வந்தவன் என் தமக்கையின் மகன். தந்தையை இழந்தவன். தாயின் காப்புகளை அடகு வைத்து வாங்கிய பழைய கெப் வண்டியிலே, கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிச் சென்று குடும்பத்தைக் காப்பவன். 2020-ஆம் ஆண்டிலே நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025-ஆம் ஆண்டிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது என்பதும், அந்த இடைக்காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றமும் நேயர்கள் அறிந்தவையே. அந்த விலை கொடுத்து வாங்கிய வண்டி அது.

வந்தவன் பொனற்றைத் திறந்து பெருமையோடு காட்டினான். காற்று வடிகட்டி அடங்கிய கறுப்புப் பெட்டி இருந்த இடத்திலே பளபளக்கும் அலுமினியக் குழாய் ஒன்றும், அதன் நுனியில் கூம்பு வடிவான சிவப்பு வடிகட்டி ஒன்றும் வீற்றிருந்தன.

"மாமா, இதற்குக் கோல்ட் எயார் இன்டேக் என்று பெயர். கைத்தொலைபேசியில் பார்த்து நானே பூட்டினேன். இரண்டு வாரமாகிறது. இனிப் பாரம் ஏற்றினாலும் வண்டி பறக்கும்."

"பறக்க வேண்டாம் தம்பி. இன்னும் பத்து வருடம் ஓடினால் போதும்" என்றேன் நான்.

குளிர்காற்றுக் குழாய் என்று தமிழிலே சொல்லத்தக்க இந்தப் பொருள், அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிக்கப் வண்டி வைத்திருப்போர் பலர் ஓய்வு நாளிலே தம் கையாலேயே பூட்டி மகிழும் பொருளாகும். இப்போது நம் இளைஞரையும் அந்த ஆசை பற்றிக்கொண்டிருக்கிறது. ஆதலின் இதன் உண்மையை அறிந்துகொள்வது நன்று.

இயந்திரத்துக்கும் உணவு உண்டு, மூச்சும் உண்டு. ஒரு கிலோ டீசல் முற்றாக எரிவதற்கு ஏறக்குறைய 14.5 கிலோ காற்று வேண்டும். 2.8 லீற்றர் கொள்ளளவுள்ள இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவு காற்றை இழுப்பதால், ஒரு நிமிடத்திலே 4,200 லீற்றர் காற்றை உட்கொள்ளும். டேர்போ உள்ள இயந்திரம் பாரம் இழுக்கும்போது அதனைப்போல் ஏறத்தாழ இருமடங்கு கேட்கும். வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரத்தால் புதுக்காற்றை அமுக்கி உள்ளே செலுத்தும் இவ்வுபாயத்துக்கு, சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி என்பார் 1905-ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றார்.

குளிர்ந்த காற்று செறிவானது. காற்றின் உஷ்ணம் 10 பாகை குறைந்தால் அதன் செறிவு நூற்றுக்கு மூன்று வீதமளவு கூடும். செறிவு கூடினால் பிராணவாயு கூடும். பிராணவாயு கூடினால் வலுவும் கூடும். குழாய் விற்போர் சொல்லும் நியாயம் இதுவே. இது பொய்யன்று, ஆயினும் முழு மெய்யுமன்று.

முதலாவது, வண்டியோடு வந்த கறுப்புப் பெட்டியும் பெரும்பாலும் மட்காட்டுப் பக்கமாகவோ முகப்புப் பக்கமாகவோ வெளிக்காற்றையே இழுக்கிறது. அதனைக் கழற்றிவிட்டு, மறைப்புத் தகடின்றி வடிகட்டியைப் பொனற்றின் கீழே விட்டால், அது இயந்திரத்தின் வெக்கையையே உண்ணும். பெயர் குளிர்காற்றுக் குழாய்; தருவதோ சுடுகாற்று.

இரண்டாவது, டேர்போ காற்றை அமுக்கும்போது அக்காற்று 100 பாகைக்கு மேலும் சூடாகிறது. அதனைத் தணிப்பதற்கென்றே றேடியேட்டர் போன்ற இன்டர்கூலர் ஒன்று இடையிலே இருக்கிறது. ஆகவே வாயிலிலே சிறிது குளிர்ந்த காற்றை வாங்கியதால் வரும் இலாபத்தின் பெரும்பகுதி, இன்டர்கூலரைத் தாண்டும்போது கரைந்து போகிறது.

மூன்றாவது, டீசல் வண்டியின் வலுவைத் தீர்மானிப்பது உள்ளே தெளிக்கப்படும் டீசலின் அளவு. அந்த அளவையும் டேர்போவின் அமுக்கத்தையும் வண்டியின் கணினி ஆளுகிறது. காற்றை மாத்திரம் கூட்டிக் கொடுத்தால் கணினி தன் கணக்கைப் பெரிதாக மாற்றாது. கணினியின் கட்டளைகளையே மாற்றி, டீசலையும் அமுக்கத்தையும் கூட்டியவர்களுக்கு இக்குழாயால் பயன் உண்டு. மரக்கறி ஏற்றுபவனுக்கு அது எதற்கு?

இவற்றைக் கேட்ட மருமகன் ஒப்பவில்லை. "ஆனாலும் மாமா, இழுவை கூடித்தானே இருக்கிறது!" என்றான்.

"பெட்டி அடக்கி வைத்திருந்த டேர்போவின் சீழ்க்கை இப்போது வெளியே கேட்கிறது. சத்தம் கூடினால் வேகமும் கூடினாற்போலத் தோன்றுவது இயல்பு. அது கிடக்க, முன்பிருந்த வடிகட்டியை எப்போது மாற்றினாய்?"

அவன் தலையைச் சொறிந்தான். வாங்கிய நாள் முதல் மாற்றவில்லையாம். அடைபட்ட மூக்கைத் திறந்துவிட்டால் எவர்க்கும் மூச்சு இலேசாகத்தான் வரும். புதிய வடிகட்டி ஒன்றைப் பழைய பெட்டிக்குள் வைத்திருந்தாலும் அந்தச் சுகம் கிடைத்திருக்கும்.

பின்னர் ஒரு வெள்ளைத் துணி கொண்டுவரச் சொன்னேன். வடிகட்டிக்கும் டேர்போவுக்கும் இடையிலுள்ள குழாயைக் கழற்றி, உட்புறத்தைத் துடைத்தேன். துணி வன்னி மண்ணின் செந்நிறத்தோடு வெளியே வந்தது. பையனின் முகம் கறுத்தது.

காரணம் சிறியது. இறப்பர் இணைப்பு ஒன்று சற்றுச் சரிந்து பூட்டப்பட்டிருந்தது. கிளிப் அதன் விளிம்பைக் கவ்வியிருந்ததேயன்றி, குழாயைக் கவ்வவில்லை. டேர்போவுக்கு அப்பால் இணைப்புக் கழன்றால் சீறும் சத்தத்தாலும் கரும்புகையாலும் அது தன்னைக் காட்டிக் கொடுக்கும். டேர்போவுக்கு இப்பால் உள்ள இடைவெளியோ ஓசையின்றி உறிஞ்சும். வடிகட்டியைத் தொடாமலே புழுதி உள்ளே போகும். நிமிடத்துக்கு 100,000 சுற்றுக்கு மேலும் சுழலவல்ல டேர்போவின் இதழ்களை அம்மணல் அரம்போல் அராவும். சிலிண்டரின் சுவரைத் தேய்க்கும். எண்ணெயிலே கலந்து தாங்கிகளைத் தின்னும். சோளகக் காற்றுக் காலத்திலே இரண்டு மாதம் இப்படி ஓடியிருந்தால் அடகிலுள்ள காப்பு மீள்வது எங்ஙனம்? நல்வேளையாக இதழ்களின் விளிம்பு சேதப்படவில்லை. அச்சிலும் ஆட்டம் இல்லை.

விருப்பத்துக்காகப் பூட்டத்தான் வேண்டும் என்போர் இவற்றையாவது கவனிப்பாராக. இயந்திரம் நன்கு ஆறிய பின், பெற்றரியின் எதிர்முனையைக் கழற்றுக. பழைய பெட்டியை எடுத்தவுடன் டேர்போவின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்து வைக்குக. ஒரு சிறு ஆணி உள்ளே விழுந்தாலும் டேர்போ போயிற்று. காற்றின் அளவை அறியும் சென்சரைப் புதிய குழாய்க்கு மாற்றும்போது அதன் அம்புக்குறி டேர்போவை நோக்கி இருத்தல் வேண்டும். உள்ளிருக்கும் நுண்கம்பியை விரலால் தொடலாகாது. எண்ணெய் பூசும் வகை வடிகட்டியாயின், எண்ணெய் மிகுந்தால் அது அந்தக் கம்பியிலே படிந்து பொய்க்கணக்குக் காட்டச் செய்யும். மறைப்புத் தகடு இன்றியமையாதது. குழாய் எங்கும் உராயலாகாது. அடைத்த துணியை எடுக்க மறவற்க. ஒவ்வொரு கிளிப்பையும் நேராக வைத்து இறுக்கி, ஒரு வாரம் ஓடிய பின் மீண்டும் பார்க்குக. வெள்ளைத் துணிச் சோதனையையும் செய்க. வடிகட்டியைத் தாழ்வான இடத்தில் வைக்கவே கூடாது. மாரி வெள்ளத்திலே அது நீரை உறிஞ்சினால், நீர் காற்றைப்போல் அமுங்காதாகையால், இயந்திரத்தின் தண்டு வளைந்துவிடும்.

மருமகன் மறுநாளே புதிய வடிகட்டி ஒன்று வாங்கிவந்தான். இருவருமாகக் கறுப்புப் பெட்டியை மீண்டும் பூட்டி, அதன் அடிவிளிம்பிலே தேங்கியிருந்த மண்ணையும் துடைத்தோம். அலுமினியக் குழாய் இப்போது சாக்கிலே சுற்றி என் கொட்டிலில் இருக்கிறது. அதனை விற்றுவரும் பணத்தோடு தன் கைக்காசையும் சேர்த்து ஒரு காப்பையாவது மீட்பதாகச் சொல்லியிருக்கிறான். தமக்கை வண்டிச் சத்தத்தைக் கேட்டு, "என்ன, வண்டி சத்தமில்லாமல் வருகிறதே, ஏதும் பழுதா?" என்று வினவினாளாம். "பழுது நீங்கிவிட்டது அம்மா" என்றானாம் பையன்.

வண்டியை வைத்துப் பிழைப்பவர்கள் இன்றைக்கே தத்தம் வடிகட்டிப் பெட்டியைத் திறந்து பார்ப்பாராக. றேடியேட்டருக்கு வெறும் கிணற்று நீர் ஊற்றலாமா என்று கேட்டிருக்கும் அன்பருக்கு அடுத்த வாரம் விடை எழுதுவேன்.