கட்டு அவிழ்த்தால் போதுமா?

கண்புரை ஆபரேஷன் என்றால் இன்று யாரும் அதிகம் பயப்படுவதில்லை. காலையில் போனவர் பெரும்பாலும் மாலையிலேயே வீடு திரும்பிவிடுகிறார். மறுநாள் கட்டு அவிழ்த்ததும் பேரப்பிள்ளையின் முகம் பளிச்சென்று தெரிகிறது. இந்த நிலைமை ஒரே நாளில் வந்துவிடவில்லை. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976-இல் தொடங்கியது. அதே ஆண்டில், அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். கிராமம் கிராமமாக முகாம் நடத்தி ஏழைகளுக்குப் பார்வை கொடுத்தவர்களுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது.

ஆனால், கட்டு அவிழ்த்ததோடு காரியம் முடிந்தது என்று நினைப்பது சரியல்ல. ஆபரேஷனுக்குப் பின் நன்றாகத் தெரிந்த கண், நாலு முதல் ஆறு வாரம் கழித்து மங்கத் தொடங்குவது சிலருக்கு உண்டு. வலி இராது, கண் சிவக்காது. எழுத்து கலங்கும், நேர்கோடு வளைந்து தெரியும். விழித்திரையின் நடுப்பகுதியில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, அங்கே வீக்கம் ஏற்படுவதே இதற்குக் காரணம். படிப்பதற்கும், ஊசியில் நூல் கோப்பதற்கும், முகம் அடையாளம் காண்பதற்கும் உதவுவது அந்த நடுப்பகுதிதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த வியாதி அல்ல. அமெரிக்க டாக்டர் இர்வின் 1953-இலேயே இதை விவரித்தார். 1966-இல் டாக்டர் காஸ், கை நரம்பில் சாயம் ஏற்றி விழித்திரையைப் படம் பிடித்து, கசிவைக் காட்டினார். 1991-இல் ஓ.சி.டி. என்னும் படமுறை வெளிவந்தது. ஊசியும் இல்லை, வலியும் இல்லை. மோவாயைத் தாங்கியில் வைத்து ஒரு புள்ளியைச் சில விநாடி பார்த்தால் போதும். ஒளியின் உதவியால் விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்காக வெட்டி வைத்ததுபோல் படம் விழும். வீக்கம் எவ்வளவு என்பதை மைக்ரான் கணக்கில் சொல்லிவிடும். டாக்டரின் விளக்கொளியில் தப்பிவிடும் சிறு வீக்கமும் இதில் அகப்படும்.

பெரும்பாலோருக்கு இந்த வீக்கம் தானாகவோ சொட்டு மருந்தாலோ வடிந்துவிடும். கவனியாமல் நாள்பட விட்டால் சிலருக்குப் பார்வை நிரந்தரமாகக் குறைந்துவிடலாம். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம்.

இங்கேதான் ஹனூர் போன்ற ஊர்களில் வாழும் தமிழர்கள் யோசிக்க வேண்டும். 1956 வரை கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த கொள்ளேகால் பகுதி, பின்பு மைசூர் மாவட்டத்திலும் 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் இருந்து வருகிறது. மாதேசுவரன் மலை வழியாக மேட்டூருக்கும் சேலத்துக்கும் போக்குவரத்து இன்றும் விட்டுப்போகவில்லை. ஆபரேஷன் என்றால் சொந்த ஊருக்குப் போய்ச் செய்துகொள்வோர் உண்டு. பாஷை புரியும், துணைக்கு ஆள் உண்டு. ஆனால் லீவு பத்து நாள்தான். கண் மங்கும் ஆறாவது வாரம் வரும்போது, ஆபரேஷன் செய்த டாக்டர் ஓரிடம், நோயாளி ஓரிடம்.

அப்போது என்ன நடக்கிறது? "கண்ணாடி பவர் சரியில்லை" என்று புதுக்கண்ணாடிக்குப் பணம் போகிறது. அல்லது "வயசாச்சு, இவ்வளவுதான்" என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். கூலிக்காரருக்கு ஒரு நாள் மைசூர் போய் வருவதென்றால் அன்றைய கூலியும் போச்சு, பஸ் செலவும் ஆச்சு. தயங்குவதில் வியப்பில்லை. ஆனால் கண் போய்விட்டால் தையல்காரரும் டிரைவரும் எந்தக் கூலிக்குப் போவார்கள்?

முகாம் நடத்துவோர் ஒன்று செய்யலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் ஆறாவது வாரப் பரிசோதனைத் தேதியை எழுதி, நோயாளி வேலை பார்க்கும் ஊருக்கு அருகில் எங்கே காட்டலாம் என்பதையும் குறித்துத் தரலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் ஓ.சி.டி. எடுப்பதை வழக்கமாக்க வேண்டும். மாவட்டத் தலைநகரங்களின் அரசு ஆஸ்பத்திரிகளில் இந்தப் படம் ஏழைகளுக்கு இலவசமாகக் கிடைக்க அரசு ஆவன செய்ய வேண்டும். ஆபரேஷன் எண்ணிக்கையை மட்டும் கூட்டிப் போட்டுப் பெருமைப்படுவது போதாது. மூன்று மாதம் கழித்து எத்தனை பேருக்குப் பார்வை நிலைத்தது என்ற கணக்கும் வேண்டும்.

நோயாளியின் வீட்டாருக்கும் வேலை உண்டு. ஆபரேஷன் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். எந்த ஊர் டாக்டருக்கும் அது வழி காட்டும். வாரம் ஒருமுறை ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் காலண்டர் கட்டங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு நெளிந்தாலோ, நடுவே மங்கினாலோ, கண்ணாடிக் கடைக்குப் போகாமல் கண் டாக்டரிடம் போங்கள். விழித்திரைப் படம் எடுக்க வேண்டுமா என்று அவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஒரு நாள் கூலியைப் பிறகு சம்பாதித்துக்கொள்ளலாம்.