ஸ்காலா கொடுக்கும் வாடகை

ஜாவாவுக்காகக் கட்டிய மெய்நிகர் இயந்திரமான ஜேவிஎம்மில் ஜாவா மட்டும்தான் ஓட வேண்டும் என்று சட்டமில்லை. சுவிட்சர்லாந்தின் லோசானில் மார்ட்டின் ஓடர்ஸ்கி குழுவினர் 2004இல் வெளியிட்ட ஸ்காலாவும், 2007இல் ரிச் ஹிக்கி வெளியிட்ட குளோஜரும் அங்கேதான் குடியேறின. நினைவகத்தைத் துப்புரவாக்கும் கார்பேஜ் கலெக்டர், ஓடும்போதே வேகம் கூட்டும் ஜிட் கம்பைலர், மலைபோல் குவிந்த ஜாவா லைப்ரரிகள் எல்லாம் சும்மா கிடைத்தன.

ஆனால் வாடகை உண்டு.

ஸ்காலா, குளோஜர் போன்ற ஃபங்ஷனல் மொழிகளில் லூப்புக்குப் பதிலாக ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைத்துக்கொள்வது வழக்கம். அந்த அழைப்பு கடைசி வேலையாக இருந்தால் அதற்கென நினைவகத்தில் புதிய இடம், அதாவது ஸ்டாக் ஃபிரேம், தேவையே இல்லை, பழையதே போதும். ஜேவிஎம் அந்தச் சலுகையைத் தருவதில்லை. ஆழம் கூடினால் ஸ்டாக் நிரம்பி புரோகிராம் படுத்துவிடும். அதனால் குளோஜரில் ‘ரிகர்’ என்று புரோகிராமரே எழுதிக்கொடுக்க வேண்டும். ஸ்காலாவில் கம்பைலரே அதை லூப்பாக மாற்றிவிடுகிறது. இரண்டு ஃபங்ஷன்கள் மாறி மாறி அழைத்துக்கொண்டால் இந்த இரண்டு வழிகளும் கைகொடுப்பதில்லை. ‘டிராம்போலின்’ என்ற சுற்றுவழிதான் கதி.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்திலோ இப்படிப்பட்ட கடைசி அழைப்புகளுக்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. அங்கே ஓடும் எஃப் ஷார்ப் மொழி அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. 2014இல் ஜாவா 8 வழியாக ஃபங்ஷனல் மொழிகளின் லாம்டாவையே வரவேற்ற ஜாவாக்காரர்கள், கடைசி அழைப்புச் சலுகையை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பதில் நியாயமில்லை.