படுகளத்து மண்

காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் வட்டாரங்களில், திரௌபதி அம்மன் கோயில்களின் கோடைத் திருவிழாவில் ஆடப்படும் பாரதக் கூத்தைத் தனியொரு நாடகக் கலையாக மட்டும் பிரித்தெடுத்து மதிப்பிடுவது, அதன் சரிபாதியைக் கோயில் வாசலிலேயே விட்டுவிட்டு வருவதாகும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்ல, இரவில் அதே கதையைக் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய கிரீடமும் புஜக்கட்டையும் தரித்த கூத்தர்கள் விடியும்வரை ஆட, படுகளம் எனப்படும் இறுதிப் போரின் நாளில் கதையும் சடங்கும் ஊர்த்திடலில் ஒன்றாகிவிடுகின்றன. மல்லாந்து கிடக்கும் நிலையில் பல அடி நீளத்துக்கு மண்ணால் சமைக்கப்பட்ட துரியோதனன் உருவைச் சுற்றி, வீமன் வேடதாரியும் துரியோதனன் வேடதாரியும் ஒருவரையொருவர் துரத்திப் பொருத, மண்ணுருவின் தொடை பிளக்கப்பட்டதும் அதிலிருந்து எடுக்கப்படும் செந்நிறக் குழம்பைத் தடவித் திரௌபதியின் விரிந்த கூந்தல் முடிக்கப்படுகிறது; மாலையில் ஊரார் தீ மிதிக்கின்றனர். சிதைந்த உருவின் மண்ணை நெற்குதிருக்கு நல்லது என்று வீட்டுக்கு அள்ளிச் செல்வோரும் உண்டு. கதையில் பகைவனாக வீழ்ந்தவனின் உடலே விளைச்சலுக்கு வரமாக மாறும் இந்த விந்தை, கூத்தை அரைமணி நேரத்துக்குள் நறுக்கி, கட்டியங்காரன் எனும் கோமாளியின் பகடியோடும் சில கிறுகிறுப்பான சுழற்சிகளோடும் முடித்துவிடும் நகர மேடைகளில் தலைகாட்டுவதே இல்லை.